கரும்பலகையில் இரண்டு கேள்விகள்

மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து சித்தப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு தேர்வு நடக்கும். செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அண்ணே, நான் யார்? சொல்லுங்கள் பார்க்கலாம்" என்பார். அப்பா சிரிப்பார். "உன்னைத் தெரியாமல் போகுமா? சாப்பிட்டாயா?" என்பார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டுவிடுவார்கள். சித்தப்பா விடமாட்டார். "சாப்பாடு கிடக்கட்டும். என் பெயரைச் சொல்லுங்கள்." அப்பாவின் கண்கள் மெல்ல நகர்ந்து என்னைத் தேடும். பக்கத்து மேசைக்காரனின் விடைத்தாளை எட்டிப் பார்க்கும் பையனின் பார்வை அது. நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துப் பெயரைச் சொல்லிக்கொடுப்பேன். அப்பாவுக்கு அது பிடிபடுவதற்குள் சித்தப்பாவே விடையைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்து, "போன தடவையைவிட மோசம்" என்று என்னிடம் மதிப்பெண் அறிவிப்பார்.

சித்தப்பாவைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆறு மாதம் நானும் அதையேதான் செய்தேன், கொஞ்சம் நாசூக்காக. பழைய ஆல்பங்களை மடியில் விரித்துவைத்து, "இது யார்? இந்தக் கல்யாணம் யாருடையது? இந்தச் சேலை நினைவிருக்கிறதா?" என்று பக்கம் பக்கமாகக் கேட்பேன். மூளைக்குப் பயிற்சி என்று யாரோ சொன்னதை நம்பினேன். நான்காவது படத்திலேயே அப்பா ஆல்பத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொள்வார். எழுந்து போகமாட்டார், கோபப்படமாட்டார். ஒன்றும் பேசமாட்டார், அவ்வளவுதான். அந்தக் கையை அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மருத்துவமனையிலும் கேள்விகள்தான். வயது என்ன, இன்று என்ன கிழமை, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இடையில் "பிரதமர் யார்?" என்று ஒரு கேள்வி. அப்பா தயங்காமல் "லீ" என்றார். மருத்துவர் ஒரு மதிப்பெண் போட்டார். 1959-இலும் அதுதான் விடை (லீ குவான் யூ), நாங்கள் போயிருந்த 2018-இலும் அதுதான் விடை (அவர் மகன் லீ சியன் லூங்). எந்த லீயை அப்பா சொன்னார் என்று மருத்துவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கேட்கும் வழக்கம் அல்சைமர் என்ற இந்த மறதி நோயின் பெயரைவிடப் பழையது. 1901 நவம்பர் 26-ஆம் தேதி, ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனை ஒன்றில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் 51 வயதுப் பெண் ஒருவரிடம் முதலில் கேட்டது அவருடைய பெயரைத்தான். "ஆகுஸ்ட" என்றார் அவர். குடும்பப் பெயர்? "ஆகுஸ்ட." கணவர் பெயர்? "ஆகுஸ்ட என்றுதான் நினைக்கிறேன்." அந்தக் குறிப்பேடு தொண்ணூறுகளில் ஒரு கோப்பறையிலிருந்து கிடைத்தது. அதன் தமிழாக்கம் எதையும் நான் படித்ததில்லை. தேவையும் படவில்லை, அதைத்தான் ஞாயிறுதோறும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேனே.

ஓவியமா, நமக்கா?

அப்பா போய்வந்த பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐந்து பேரை, ஆளுக்கொரு துணையோடு, ஓவியம் பார்க்க அழைத்துப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1937-இல் பிறந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்குக் கணக்கராக, வேலைக்குச் சேர்ந்து, 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டிய பிறகு கப்பல் பட்டறையில் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர் என் அப்பா. அவர் தன் வாழ்நாளில் நின்று பார்த்த சித்திரம் என்றால், மளிகைக் கடை நாள்காட்டியில் வரும் முருகன்தான். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார், ஆனால் அதைக் கலை என்று சொன்னால் முறைப்பார். "சாமியைப் போய் கலை என்கிறாயே." நம் வீடுகளில் அருங்காட்சியகம் என்பது பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வரிசையாகப் போய் வருகிற இடம், இல்லையென்றால் ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு மழை நாளில் காட்டுகிற இடம். மறதி நோய்க்காரரை அங்கே கூட்டிப்போய் என்ன செய்ய?

இந்த வேலையை உலகுக்கு எடுத்துக்காட்டியது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம். 2006-இல் அல்சைமர் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் மாதந்தோறும் ஓவிய நடையைத் தொடங்கினார்கள், கூட்டமும் சத்தமும் இல்லாத மூடிய நாளில். இதையெல்லாம் நான் பிறகு தேடிப் படித்ததுதான். அன்றைக்கு நான் கிளம்பியதற்குக் காரணம், எனக்கு அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. எங்கள் பணிப்பெண் கிழக்கு ஜாவாவிலிருந்து வந்தவர். அவருக்குக் கலைக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பாடாங் திடல் பக்கம் போய் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதனால் மூவருமாகப் போனோம்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவிடமிருந்து முதலில் நழுவியது ஆங்கிலம். நாற்பது வருடம் கணக்கெழுதிய மொழி ஒரே வருடத்தில் காணாமல் போனது. தமிழும் மலாயும் தங்கின. எனக்குத் தெரிந்த மலாய் தேசிய கீதத்தோடு சரி. நான் அலுவலகம் போன பிறகு வீட்டில் பேசப்படும் மொழி எனக்குப் புரியாத மொழி. அவர் அப்பாவை "பாக்" (ஐயா) என்பார், அப்பா அவரை "அதிக்" (தங்கச்சி) என்பார். இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே மொச்சைக்கொட்டை உரிப்பார்கள். தான் யாரென்று சொல்லும்படி அவர் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அப்பாவைத் தெரிந்ததே நோய்க்குப் பிறகுதான். இழந்தது எது என்று அவருக்குத் தெரியாது, அதனால் அதைத் தேடவும் இல்லை.

படத்தையே பார்ப்போம்

நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் சேர்ந்ததுதான் இன்றைய கலைக்கூடம். 1959 ஜூன் மாதம் நாட்டின் முதல் சுயாட்சி அமைச்சரவை பதவியேற்ற கட்டடத்துக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். எங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியைக் குழி என்று நினைத்து அப்பா அதன்மேல் கால் வைக்க மறுப்பார். ஆழ்நிறமும் நிழலும் இந்த நோயில் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் புதிய இடத்தின் தரை எனக்குப் பயம், நாற்காலியில் போவதே மேல் என்று நினைத்தேன். வழிகாட்டி ஓய்வுபெற்ற ஒரு சீனப் பெண்மணி, தன்னார்வலர். குழுவில் தமிழ் பேசுபவர்கள் நாங்கள் மட்டும். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் அப்பாவின் காதில் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

முதல் ஓவியம் ஆற்றோரக் கம்பம் ஒன்று, அதாவது மலாய் கிராமம். கால்கள்மேல் நிற்கும் வீடுகள், தென்னை. ஓவியர் யார், எந்த ஆண்டு என்றெல்லாம் அந்த அம்மாள் தொடங்கவில்லை. எல்லோரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு, "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?" என்றார். யாரும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, அவர் பொறுத்திருந்தார். கடைசியில் அப்பா, "வெள்ளம் வரப்போகிறது" என்றார். படத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கூச்சத்தோடு மொழிபெயர்த்தேன். அவரோ, "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார் மிக அக்கறையாக. அப்பா வீடுகளின் கால்களைக் காட்டினார். "வெள்ளம் வராத ஊரில் எவன் இவ்வளவு உயரத்தில் வீடு கட்டுவான்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பூரிப்பில்தான் கெடுத்தேன். "அப்பா, நம் கம்பத்து வீடு நினைவிருக்கிறதா? அங்கேயும் வெள்ளம் வந்ததே, எந்த வருடம்?" அப்பா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு மடியில் இல்லாத ஆல்பத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். அந்தச் சைகையை அப்போதுதான் நான் முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வழிகாட்டி என் முழங்கையை லேசாகத் தொட்டு, "நாம் படத்தையே பார்ப்போம்" என்றார்.

அந்த வாக்கியத்தில் இந்த முறையின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விகள் பிலிப் யெனவைனும் அபிகெய்ல் ஹவ்செனும் அருங்காட்சியகங்களுக்காகவும் பள்ளிகளுக்காகவும் உருவாக்கியவை என்று பிறகு அறிந்தேன். மொத்தம் மூன்றே கேள்விகள். படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. மூன்றுக்கும் விடை சுவரிலேயே மாட்டியிருக்கிறது. மண்டைக்குள் போய்த் துழாவ வேண்டியதில்லை. மகள் முன்னால் தோற்க வேண்டியதும் இல்லை.

வட்டமேசை

மூன்றாவதாக நிறுத்தியது சுவா மியா டீ 1959-இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' முன்னால். மலாய் தேசிய மொழியான அந்த வருடத்தில், வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் கற்றுக்கொள்ளும் மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை. பள்ளிப் பாடநூலில் சின்னதாகப் பார்த்த படம்தான். நேரில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் அது ஓர் அறைபோல விரிகிறது, நாற்காலியை இழுத்துப் போட்டு நாமும் உட்காரலாம் என்பதுபோல.

கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதியிருக்கும். அதை நான் மறந்து போயிருந்தேன். அப்பா காற்றில் ஆள்காட்டி விரலை நகர்த்தி, எழுத்துக்கூட்டி, நல்ல உரத்த குரலில் படித்தார். "சியாப்பா... நாமா... காமு?" உன் பெயர் என்ன? "டி மானா அவாக் திங்கால்?" நீ எங்கே வசிக்கிறாய்?

எனக்கு வயிற்றைப் புரட்டியது. எங்கே போனாலும் இதே இரண்டு கேள்விகளா? மருத்துவர் மேசையில், ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறையில், இப்போது இங்கேயுமா? நாற்காலியைத் திருப்பிவிடலாமா என்று கைப்பிடியைப் பற்றினேன். அப்பாவோ நிதானமாகப் படத்தை ஆராய்ந்தார். "இது பள்ளிக்கூடத்து மலாய்" என்றார் தமிழில். "கடைத்தெருவில் இப்படிப் பேசினால் சிரிப்பார்கள். அங்கே நீ, நான் என்பதற்கு லூ, குவாதான்." பல வாரங்களில் அவர் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அது. பணிப்பெண் வாயைப் பொத்திச் சிரித்தார். அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி என் பக்கம் திரும்பி, ஆசிரியர் தோரணையில் விரலை நீட்டினார். "சியாப்பா நாமா காமு?"

விளையாட்டு என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே கேட்டார். எத்தனை மாதமாகவோ அவருக்கு என் பெயர் தெரியவில்லை. "அம்மாடி", "தாயி" என்று ஒப்பேற்றி வந்திருக்கிறார். தெரியவில்லை என்று எப்படிக் கேட்பார்? தமிழில், வீட்டில், பெற்ற மகளிடம் "உன் பெயர் என்ன?" என்று ஒரு தகப்பன் கேட்டுவிட்டால் அந்தக் கூடத்தில் அதற்குப் பிறகு யார் நிற்பது? மலாய் வகுப்பில் கேட்கலாம். முதல் பாடமே அதுதான். யாரும் யாரையும் கேட்கலாம், தெரியாமலிருப்பது அங்கே குற்றமில்லை, வகுப்பே அதற்காகத்தான்.

"நாமா சாயா..." என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன். குரல் பிசிறியது. அப்பா அந்தப் பெயரை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார், புது மிட்டாயை வாயில் ஒதுக்கிப் பார்ப்பதுபோல. "பாகுஸ்" என்றார். நல்லது. நான் நின்றுகொண்டிருந்ததைக் கவனித்து, "டூடோக்" என்றார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த கேள்வி. எங்கே வசிக்கிறாய்? ஈசூன் என்று புளோக் எண்ணோடு சொன்னேன், இருபது வருடமாக அவரும் நானும் குடியிருக்கும் அதே முகவரியை. அந்த இடத்தின் பழைய பெயர் நீ சூன். அவர் முகம் மலர்ந்தது. "நீ சூனா? அட, பக்கம்தான். நான் நேவல் பேஸில் இருக்கிறேன்."

அப்பா 1959-இல் அப்படி ஓர் இரவு வகுப்புக்குப் போனாரா? அன்றைக்கு எத்தனையோ பேர் போனார்கள், இருபத்திரண்டு வயதுக் கிராணியும் போயிருக்கலாம். கேட்டு வைத்துக்கொள்ள எனக்கு நாற்பது வருடம் இருந்தது, கேட்கவில்லை. இனிக் கேட்கப்போவதும் இல்லை.

கிராணி விடுப்பில்

டாக்ஸி ஈசூன் வருவதற்குள் அப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, "நேரமாகிறது, வீட்டுக்குப் போக வேண்டும்" என்று தொடங்கினார். கலை குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அந்த ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொல்வேன். நோய் அதன் பாட்டுக்கு நடந்தது. ஆனால் அன்று அவர் கதவைப் பிடித்திருந்த பிடியில் வழக்கமான ஆங்காரம் இல்லை. "கொஞ்சம் பொறுங்கள், தே குடித்துவிட்டுப் போகலாம்" என்றதும் வந்து உட்கார்ந்தார். தட்டில் போட்ட இட்லியை மிச்சம் வைக்கவில்லை.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு, அப்பாவின் தொழிலிலேயே அதைச் சொல்லலாம். புதிதாக வரும் சரக்கைப் பேரேட்டில் பதிகிற கிராணி மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. அல்சைமர் ஆரம்பத்திலேயே கைவைப்பது அதன்மேல்தான். கிராணி இல்லாத கிடங்கில் இன்று வந்த சரக்கு எதுவும் பதிவாவதில்லை, பழைய பேரேடுகள் அலமாரியில் கொஞ்ச காலம் பத்திரமாக இருக்கும். மனநிலைக்கு மட்டும் இந்தக் கிராணியின் கையெழுத்து தேவையில்லை. 2014-இல் அயோவா பல்கலைக்கழகத்தினர் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக்காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது மறந்த பிறகும் சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தங்கியிருந்தன. அப்படியானால் நான் ஆல்பத்தைக் காட்டி அப்பாவுக்குத் தந்த அவமானமும் தங்கியிருக்கும், காரணம் தெரியாமல், சாயங்காலம் வரை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பின் வீட்டில் 'நினைவிருக்கிறதா' என்ற சொல்லை ஒழித்தேன். நாள்காட்டி முருகனை எடுத்து வந்து, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். "மயில் களைத்திருக்கிறது" என்றார். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? "இரண்டு பெண்டாட்டிக்காரனைச் சுமக்கிறதே." ஐம்பது வெள்ளி (டாலர்) நோட்டுத் தாள் இன்னும் வசதி. முன்பக்கம் நாட்டின் முதல் அதிபர் யூசோப் இஷாக், அவரை அப்பாவுக்கு உடனே தெரியும், நான் கேட்பதற்கு முன்பே சலாம் வைப்பார். பின்பக்கம் ஓவியர்கள் சென் வென் சீயின் குரங்குகளும் சியோங் சூ பியெங்கின் கருவாடு காயவைக்கும் காட்சியும், ஒரு வீணையும்கூட. நகத்தால் கருவாட்டை வருடிக்கொண்டே, வெயில் போதாது என்பார், பூனை வரும் என்பார். பத்து நிமிடம் கழித்துத் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். துணி துவைக்கும்போது பணிப்பெண் மீட்டுக் கொடுப்பார். சிங்கப்பூரில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் கலைக்கூடம் இதுதான், சட்டைப் பையைச் சோதிக்க மறக்காத வரையில்.

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. எண்பது வயது மனிதர்முன் முயல்குட்டிப் படத்தை வைத்து, வண்ணப் பென்சிலைக் கையில் திணித்து, "அழகாகத் தீட்டுங்கள் தாத்தா" என்று மழலையில் கொஞ்சுகிறார்களே, அது. கோடு தாண்டினால் தப்பு என்கிற படம் அது. அதுவும் பரீட்சைதான். நல்ல ஓவியம் பார்ப்பவரைப் பெரிய மனிதராக நடத்துகிறது. அப்பா முயலுக்கு ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. மயிலுக்குச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிறு, சித்தப்பா வந்தார். நான் தொலைபேசியில் எவ்வளவோ சொல்லியிருந்தேன், "சரி சரி" என்றிருந்தார். செருப்பைக் கழற்றினார். நேரே போனார். இடுப்பில் கை. "அண்ணே, நான் யார்? சொல்லுங்கள் பார்க்கலாம்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்னைத் தேடவில்லை. முதுகை நிமிர்த்தி, விரலை நீட்டினார்.

"சியாப்பா நாமா காமு?"

சித்தப்பாவின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. என்ன நினைத்தாரோ, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரையும் மலாயில் ஒப்பித்தார், கேட்காமலே முகவரியையும் சேர்த்து.

"பாகுஸ்" என்றார் அப்பா. "டூடோக்."

சித்தப்பா உட்கார்ந்தார்.